சொலிசிட்டர் நிறுவனங்களுக்கு ஒரு பாராட்டு மடல்

லண்டனின் பெரிய சட்ட நிறுவனங்களைக் குறை சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. நிமிடத்தைக்கூட விடாமல் எண்ணிக் கட்டணம் வாங்குகிறார்கள் என்பார் ஒருவர். நள்ளிரவு தாண்டியும் அந்தக் கண்ணாடிக் கட்டடங்களில் விளக்கு எரிகிறது, இளம் வக்கீல்களைச் சக்கையாகப் பிழிகிறார்கள் என்பார் இன்னொருவர். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கு இந்த நிறுவனங்கள் செய்துவரும் தொண்டைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. பயிற்சிக்கு ஆள் எடுப்பதில் அவை காட்டும் பொறுமை என்ன, நுணுக்கம் என்ன, சமத்துவம் என்ன! இதையெல்லாம் நாலு பேர் அறியச் சொல்லாமல் விடுவது நன்றி கொன்ற செயல். அந்தப் பாவம் நமக்கு வேண்டாம் என்றுதான் இந்த மடல்.

முதலில், விஷயத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சொலிசிட்டர் ஆவதற்குப் படிப்பும் தேர்வும் மட்டும் போதாது. இரண்டு ஆண்டு வேலைப் பயிற்சியும் வேண்டும். பெரிய நிறுவனங்கள் அதை ‘டிரெய்னிங் கான்ட்ராக்ட்’ என்ற பெயரில் தருகின்றன. வழக்கமாக ஆறு மாதத்துக்கு ஒரு பிரிவாக நான்கு பிரிவுகளில் வேலை பழக வேண்டும். பயிற்சி முடித்து அங்கேயே நிலைத்துவிட்டால், ‘மேஜிக் சர்க்கிள்’ என்று பெயர் பெற்ற ஐந்து நிறுவனங்களில் 2024 நிலவரப்படி தொடக்க ஆண்டுச் சம்பளம் 1,50,000 பவுண்ட். அமெரிக்க நிறுவனங்களின் லண்டன் கிளைகள் சில இதற்கும் மேலே போகின்றன. லண்டனில் ஹாரோ, ஈஸ்ட் ஹாம் பக்கத்துத் தமிழ் வீடுகளில் டாக்டர், என்ஜினியர், அக்கவுண்டன்ட் என்று மும்மூர்த்திகளை மட்டும் கும்பிட்டுவந்த பெற்றோர், நாலாவதாகச் சொலிசிட்டருக்கும் ஒரு விளக்கேற்றத் தொடங்கியதில் வியப்பில்லை.

இந்தப் பயிற்சிக்கு ஆள் சேர்ப்பதில் முற்காலத்தில் நாகரிகம் என்பதே இருக்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் ஒரு சொலிசிட்டரிடம் தொழில் பழகச் சேர வேண்டுமானால் அரசுக்கு முத்திரை வரி கட்ட வேண்டும். பழக்கிவிடும் எஜமானுக்குத் தனியாக ஒரு பெருந்தொகை கொடுக்க வேண்டும். சார்ல்ஸ் டிக்கன்ஸுக்கு இந்த விலைவாசி அத்துபடி. அவரே 1827-இல், பதினைந்து வயதில், கிரேஸ் இன் வளாகத்து வக்கீல் அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாப் பையனாக வேலை பார்த்தவர். 1849-50இல் தொடராக வந்த ‘டேவிட் காப்பர்ஃபீல்ட்’ நாவலில், திருச்சபை நீதிமன்றங்களில் சொலிசிட்டர் வேலை பார்த்துவந்த ‘பிராக்டர்’களிடம் டேவிட்டைச் சேர்க்க அவனுடைய அத்தைப்பாட்டியிடம் கேட்கப்படும் தொகை ஆயிரம் பவுண்ட். கேட்பவர் ஸ்பென்லோ. பேச்சில் தேன் ஒழுகும். எந்தச் சலுகை கேட்டாலும் உடனே மனம் இளகிவிடுவார். தன் கூட்டாளி ஜார்கின்ஸ்தான் சம்மதிக்கமாட்டார் என்று வருத்தத்தோடு கையை விரிப்பார். அந்த ஜார்கின்ஸ் உள்ளறையைவிட்டு வெளியே வராத ஒரு சாது. இந்த ஜார்கின்ஸை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படுவார்.

பெண்களுக்கோ கதவே கிடையாது. ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம் படித்து முதல் வகுப்பில் தேறிய க்வெனித் பெப் என்ற பெண்ணைத் தேர்வு எழுதவே சொலிசிட்டர்களின் சங்கமான லா சொசைட்டி அனுமதிக்கவில்லை. 1913-இல் அவர் வழக்குப் போட்டார். 1843-ஆம் ஆண்டின் சொலிசிட்டர்கள் சட்டத்தில் உள்ள ‘நபர்’ என்ற சொல்லுக்குள் பெண் அடங்கமாட்டாள் என்பது தீர்ப்பு. 1919-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்ட பிறகுதான் வழி பிறந்தது. 1922-இல் கேரி மாரிசன் முதல் பெண் சொலிசிட்டர் ஆனார்.

அந்தப் பழைய முறையின் பெருங்குறை என்ன தெரியுமா? வெளியே நிறுத்தப்பட்டவருக்குக் காரணம் பளிச்சென்று தெரிந்தது. உன்னிடம் பணம் இல்லை. அல்லது நீ பெண். காரணம் தெரிந்ததால் கோபம் வந்தது. கோபம் வந்ததால் வழக்குப் போட்டார்கள், கூட்டம் கூட்டினார்கள், கடைசியில் சட்டத்தையே மாற்றிவிட்டார்கள். ஒளிவுமறைவு இல்லாமல் நடந்துகொண்டதால் வந்த வினை அது. இன்றைய நிறுவனங்கள் அந்தத் தவற்றைச் செய்வதில்லை. இன்று யாரிடமும் காசு கேட்பதில்லை. ஆணா பெண்ணா, கறுப்பா வெள்ளையா, எதுவும் தடை இல்லை. எல்லோரும் வரலாம். பல்கலைக்கழகத்துச் சட்டத் தொழில் கண்காட்சிகளில் மேசை போட்டு, நிறுவனப் பெயர் அச்சடித்த துணிப்பையும் பேனாவும் கொடுத்து, வாருங்கள் வாருங்கள் என்று அழைக்கிறார்கள். வேலை எத்தனை பேருக்குக் கிடைத்ததோ தெரியாது, காய்கறி வாங்கப் பை கிடைக்காத மாணவர் இல்லை.

அடுத்து அவர்களுடைய தொலைநோக்கைப் பாராட்ட வேண்டும். சட்டம் படிக்கும் மாணவர், வேலையில் சேரும் நாளுக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு முன்பே, அதாவது கல்லூரியின் இரண்டாம் ஆண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும். அப்போது வயது பத்தொன்பதோ இருபதோ. ஒப்பந்தச் சட்டமும் குற்றவியலும் ஒரு சுற்று முடிந்திருக்கும். கம்பெனிச் சட்டப் புத்தகத்தைச் சிலர் கண்ணால்கூடப் பார்த்திருக்கமாட்டார்கள். அந்த வயதில், பன்னாட்டு நிறுவன இணைப்புகளில் தனக்கு ஏன் தீராத காதல் என்று முந்நூறு சொற்களில் எழுத வேண்டும். இருபது வயதில் மனிதனின் குணம் முற்றி முதிர்ந்துவிடும் என்று நிறுவனங்கள் நம்புகின்றன. அந்த நம்பிக்கைக்கே தனியாக ஒரு வணக்கம்.

இந்த இரண்டாண்டுக் கணக்கு யாருக்கு முன்கூட்டியே தெரியும் என்று கேட்கக் கூடாது. அப்பா லண்டனின் நிதி வட்டாரமான சிட்டியில் வக்கீலாக இருந்தால் தெரியும். படித்த பள்ளி ஆண்டுக்கு நாற்பதாயிரம் பவுண்ட் கட்டணம் வாங்கும் பள்ளியாக இருந்தால், அங்குள்ள வேலை வழிகாட்டி ஆசிரியர் பதினேழு வயதிலேயே சொல்லிவிடுவார். முதல் ஆண்டு மாணவர்களுக்கென்றே சில நிறுவனங்கள் வைத்திருக்கும் அறிமுக நாட்களுக்கு இந்தப் பிள்ளைகள் சரியான நேரத்தில் மனுப் போட்டுவிடுவார்கள். குடும்பத்திலேயே முதன்முதலாகப் பல்கலைக்கழகத்தில் கால் வைத்தவருக்கு, மூன்றாம் ஆண்டில் தோழி ஒருத்தி வேலை கிடைத்ததைச் சொல்லும்போதுதான் இப்படி ஒன்று இருந்ததே தெரியவரும். முன்னே தெரிந்துகொண்டவரிடம் ‘முனைப்பு’ இருக்கிறது என்று நிறுவனம் குறித்துக்கொள்கிறது. தெரியாதவரிடம் முனைப்பு இல்லை. இவ்வளவு எளிதாக ஒருவரின் குணத்தை அளந்துவிடும் கலை வேறு எங்கே இருக்கிறது?

விண்ணப்பப் படிவத்துக்கு வருவோம். அதன் மகுடம், ‘ஏன் எங்கள் நிறுவனம்?’ என்ற கேள்வி. நம் ஊரில் பெண் பார்க்க வரும் மாப்பிள்ளை வீட்டார் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். பாடச் சொன்னார்கள், நடக்கச் சொன்னார்கள், சமைத்துக் காட்டச் சொன்னார்கள். ‘ஊரில் எத்தனையோ குடும்பம் இருக்க, எங்கள் குடும்பத்தின் மீது மட்டும் உனக்கு ஏன் இவ்வளவு ஆசை, எங்கள் சித்தப்பா போன வருஷம் முடித்த நிலப் பத்திரத்தை மேற்கோள் காட்டி எழுது’ என்று கேட்கும் துணிவு அவர்களுக்கே வந்ததில்லை. சட்ட நிறுவனங்களுக்கு வந்தது. மாணவர்களும் சளைத்தவர்கள் அல்ல. அந்த நிறுவனம் அண்மையில் முடித்துக்கொடுத்த கம்பெனி விற்பனை ஒன்றைத் தேடிப் பிடித்து, அதைப் படித்த நாள்முதல் தூக்கம் போனதாக எழுதுகிறார்கள். மாலையில் அதே தூக்கமின்மையை வேறொரு நிறுவனத்தின் பெயருக்கு மாற்றி எழுதுகிறார்கள்.

மாற்றி எழுதுவது கடினம் என்று எண்ண வேண்டாம். நிறுவனங்களே அதை எளிதாக்கி வைத்திருக்கின்றன. எந்த நிறுவனத்தின் அறிமுகக் கையேட்டைப் புரட்டினாலும் அங்கே அன்பான பண்பாடு உண்டு, இளம் வயதிலேயே பொறுப்பு உண்டு, உலகெங்கும் கிளை உண்டு, கதவைத் தட்டாமல் உள்ளே போய்ப் பேசக்கூடிய பார்ட்னர்கள் உண்டு. படத்தில் நாலு இனத்துப் பிள்ளைகள் ஒரே மடிக்கணினியைப் பார்த்துச் சிரிப்பார்கள். தங்களுக்குள் துளி வேற்றுமையும் காட்டாமல் இருந்துகொண்டு, தங்களுக்குள் உள்ள வேற்றுமையை விளக்கச் சொல்லி மாணவரைக் கேட்பது சாமானிய அறிவு அல்ல.

எழுதும்போது செயற்கை நுண்ணறிவின் உதவியை நாடக் கூடாது என்று சில நிறுவனங்கள் கண்டிப்பாகச் சொல்லிவிடுகின்றன. உன் சொந்தக் குரல்தான் வேண்டும். நல்ல அறிவுரை. இதே துறையில்தான் 2023 பிப்ரவரியில் ஆலன் அண்ட் ஓவரி என்ற பெரிய நிறுவனம், ஹார்வி என்ற ஏஐ கருவியைத் தன் வக்கீல்களின் கையில் கொடுப்பதாகப் பெருமையோடு அறிவித்தது. பின்னே மற்றவர்களும் வரிசையில் வந்தார்கள். மணிக்கு நூற்றுக்கணக்கில் பவுண்ட் கொடுக்கும் கட்சிக்காரருக்கு இயந்திரம் எழுதிய வரைவு போதும். சல்லிக் காசு வாங்காமல் எழுதும் மாணவரின் கட்டுரை மட்டும் சொந்த ரத்தத்தில் எழுதியதாக இருக்க வேண்டும். யாரிடமிருந்து எதை எதிர்பார்க்க வேண்டும் என்ற தராதரம் தெரிந்தவர்கள்.

படிவம் தேறினால் வாட்சன்-கிளேசர் தேர்வு. அமெரிக்க உளவியலாளர்களான குட்வின் வாட்சனும் எட்வர்ட் கிளேசரும் வடிவமைத்தது. நாற்பது கேள்வி, முப்பது நிமிடம். ஒரு சிறு பத்தி கொடுப்பார்கள். அதிலிருந்து எடுத்த முடிவு உண்மையா, பெரும்பாலும் உண்மையா, போதிய தகவல் இல்லையா, பெரும்பாலும் பொய்யா, பொய்யா என்று சொல்ல வேண்டும். பெரும்பாலான பகுதிகளில் ஒரு நிபந்தனை உண்டு: வெளி உலகைப் பற்றி உனக்குத் தெரிந்ததை உள்ளே கொண்டுவரக் கூடாது. இருபது ஆண்டு வாழ்ந்து சேர்த்த அறிவை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வந்தால்தான் தெளிவாகச் சிந்திக்க முடியும் என்பது அவர்கள் கண்டறிந்த உண்மை. பின்னால் வரும் நேர்முகச் சுற்றில், ‘வட்டி விகிதம் ஏறினால் எங்கள் கட்சிக்காரர்களுக்கு என்ன ஆகும்?’ என்று கேட்பார்கள். அப்போது கழற்றி வைத்ததை ஓடிப்போய் மாட்டிக்கொண்டு வர வேண்டும். இதற்குப் பெயர் வணிக விழிப்புணர்வு. காலை உணவுக்கு முன் ‘ஃபைனான்ஷியல் டைம்ஸ்’ படிக்கும் பழக்கம் எல்லா வீட்டிலும் தானாகவே இருப்பதுதானே!

பிறகு வீடியோ நேர்காணல். பல நிறுவனங்களில் மறுமுனையில் ஆள் இல்லை. திரையில் கேள்வி எழுத்தாக வரும். யோசிக்கச் சில நொடிகள் கிடைக்கும், உடனே கேமரா ஓடத் தொடங்கும். மனிதர்களோடு பழகும் திறனைச் சோதிக்க, மனிதர் யாரையும் அருகில் விடாமல் இருப்பதுதான் தூய்மையான முறை. நம் பிள்ளை தன் முகத்தைத் தானே பார்த்துச் சிரித்து, தன் கண்ணைத் தானே நேருக்கு நேர் நோக்கி, கூட்டாக வேலை செய்வதில் தனக்குள்ள ஆர்வத்தை விளக்க வேண்டும். தனக்கென்று ஓர் அறை இல்லாத வீட்டில் பின்னணியில் குக்கர் விசில் அடித்தால் அது நிறுவனத்தின் குற்றம் ஆகாது.

சமத்துவத்தில் இவர்கள் எடுக்கும் சிரத்தையைச் சொல்லாவிட்டால் இந்த மடல் நிறைவு பெறாது. கிளிஃபர்ட் சான்ஸ் நிறுவனம் இறுதி நேர்முகத்தில் மாணவர் எந்தப் பல்கலைக்கழகம் என்பதையே தேர்வாளரின் கண்ணில் காட்டாமல் வைத்தது. 2014-இல் இது பெரிய செய்தியானது. நல்ல காரியம்தான், மனமார ஒப்புக்கொள்வோம். கடைசி அறைக்கு வந்துசேர்ந்தவர்களுக்கு அங்கே முழு நீதி கிடைக்கிறது. அந்த அறை வரைக்கும் வந்துசேருவது அவரவர் பாடு.

படிவத்தின் கடைசியில் இன்னொரு கேள்வியும் இப்போது பரவலாகிவிட்டது: உனக்குப் பதினான்கு வயதானபோது உன் வீட்டில் அதிகம் சம்பாதித்தவர் என்ன வேலை பார்த்தார்? பின்தங்கிய குடும்பத்துப் பிள்ளைகளை அடையாளம் காண இது நல்ல வழி என்று அரசின் சமூக முன்னேற்ற ஆணையமே பரிந்துரைத்தது. யாழ்ப்பாணத்தில் கணித ஆசிரியராக இருந்த அப்பா, அகதியாக வந்து வெம்பிளியில் பெற்றோல் ஷெட் கல்லாவில் இரவு வேலை பார்த்தார் என்றால் எந்தக் கட்டத்தில் டிக் போடுவது? ஆசிரியர் என்றால் வசதியான வர்க்கம். கல்லா என்றால் உழைக்கும் வர்க்கம். வீட்டில் ஆயிரம் புத்தகம் இருந்தது, வாடகைக்குக் காசு இல்லை என்பதற்குக் கட்டம் கிடையாது. ஒரு போர், ஓர் அகதி மனு, ஒரு குடும்பத்தின் இறக்கம் எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் அடக்கிவிடும் அந்தச் சுருக்கம் நம் பழம்புலவர்களுக்கும் கைவராதது.

இத்தனையும் தாண்டியவர்களுக்குக் காத்திருக்கிறது வெக்கேஷன் ஸ்கீம். விடுமுறையில் ஓரிரு வாரம் நிறுவனத்துக்கே போய் வேலை பழகலாம், சம்பளமும் உண்டு. பல நிறுவனங்கள் தங்கள் பயிற்சியாளர்களில் பெரும்பகுதியை இந்த வாரங்களிலிருந்துதான் பொறுக்கி எடுக்கின்றன. பகலில் வேலை, மாலையில் விருந்து. விருந்துக்குப் போகும் முன் ஒருவர் அன்போடு சொல்வார்: ‘இங்கே உங்களை யாரும் மதிப்பிடமாட்டார்கள், இயல்பாக இருங்கள்.’ அந்த நொடியிலிருந்து எல்லோரும் மிகுந்த முயற்சியெடுத்து இயல்பாக இருக்கத் தொடங்குவார்கள். எந்த முள்கரண்டி எதற்கு, பனிச்சறுக்குக்குப் போகாதவர் பனிச்சறுக்குப் பேச்சில் எங்கே தலையாட்ட வேண்டும், கையில் ஆரஞ்சுச் சாறு மட்டும் வைத்திருப்பவர் என்ன காரணம் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. எனினும் கேள்வி உண்டு.

விருந்துக்கும் வக்கீல் தொழிலுக்கும் இங்கே பழைய உறவு. 1888-இல் லண்டன் வந்து இன்னர் டெம்பிள் என்ற வக்கீல் கழகத்தில் பாரிஸ்டராகப் படித்த காந்தி, படிப்பின் ஒரு கட்டாயப் பகுதியே அங்கே போய் விருந்து சாப்பிடுவதுதான் என்று சுயசரிதையில் வேடிக்கையாக விவரிக்கிறார். நாலு பேருக்கு இரண்டு புட்டி மது என்பது அந்த மேசையின் கணக்கு. காந்தி குடிக்காதவர் என்பதால், தங்களோடு நாலாவது ஆளாக அவரை உட்காரவைக்க மற்றவர்கள் போட்டி போட்டார்களாம். குடிக்காத ஓர் இந்திய மாணவருக்கு அந்தத் தொழிலில் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு கிராக்கி இருந்ததாகச் சொல்ல முடியாது.

கடைசிக் கட்டம், அசெஸ்மென்ட் சென்டர் என்ற முழுநாள் சோதனை. எழுத்துப் பணி, பார்ட்னரோடு நேர்முகம், கூட்டு விவாதம். விவாதத்தில் ஐந்தாறு பேரை ஒரு மேசையைச் சுற்றி உட்காரவைத்து, இல்லாத ஒரு கம்பெனி இல்லாத ஒரு தொழிற்சாலையை வாங்கலாமா என்று முடிவெடுக்கச் சொல்வார்கள். சுவரோரம் குறிப்பேட்டோடு சிலர் உட்கார்ந்திருப்பார்கள். மேசையில் இருப்பவர்கள் அத்தனை பேரும் ஒரே வேலைக்குப் போட்டி. ஆகவே அங்கே ஒழுகும் அன்பைக் கண்கொண்டு பார்க்க வேண்டும். ‘நீங்கள் சொன்னது அருமை, அதோடு நான் ஒன்றைச் சேர்க்கலாமா?’ என்று ஒருவர் பேச்சை ஒருவர் பறிப்பார்கள். வாய் திறக்காத ஒருவரைப் பார்த்து ‘உங்கள் கருத்தைக் கேட்க ஆவலாக இருக்கிறேன்’ என்று நால்வர் ஒரே நேரத்தில் கேட்பார்கள், அப்படிக் கேட்பதற்கு மதிப்பெண் உண்டு என்று நால்வருக்கும் தெரிந்திருப்பதால். அவரும் பேச வாய் திறப்பார், நேரம் முடிந்துவிடும்.

பிறகு பதில் வரும். அல்லது வராது. இத்தனை வாரத்துக்குள் பதில் இல்லையென்றால் தேர்வாகவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள் என்று முன்பே சொல்லிவிடும் நிறுவனங்களும் உண்டு. ஒரு மின்னஞ்சலை மிச்சம் பிடித்து உலகைக் காக்கும் எண்ணமாக இருக்கலாம். வரும் பதில்களோ ஒரே அச்சில் வார்த்தவை. உங்கள் விண்ணப்பம் எங்களை மிகவும் கவர்ந்தது. இந்த ஆண்டு போட்டி மிகக் கடுமை. வந்த விண்ணப்பங்களின் எண்ணிக்கை காரணமாகத் தனித்தனியே விளக்கம் தர இயலவில்லை, வருந்துகிறோம். ஜார்கின்ஸை மனத்தில் வைத்திருக்கச் சொன்னேன் அல்லவா? இதோ, வந்துவிட்டார். நாங்களாக இருந்தால் உங்களை எடுத்துக்கொண்டிருப்போம், விளக்கமும் தந்திருப்போம். அந்த எண்ணிக்கைதான் சம்மதிக்கவில்லை. விண்ணப்பிக்கச் சொல்லி ஊர் ஊராகப் போய்ப் பை கொடுத்து அந்த எண்ணிக்கையைக் கூட்டியது யார் என்று கேட்பது அநாகரிகம்.

சொலிசிட்டர்களின் ஒழுங்காற்றுக் குழுமமான எஸ்.ஆர்.ஏ.வையும் இந்தப் பாராட்டில் விட்டுவிடக் கூடாது. எல்.பி.சி. என்ற பழைய தொழிற்படிப்புக்கு மாற்றாக 2021 செப்டம்பரிலிருந்து எஸ்.க்யூ.இ. என்ற பொதுத் தேர்வைக் கொண்டுவந்தது. வாசலை அகலமாக்குவதுதான் நோக்கம். முதல் பகுதியில் மட்டும் 360 கேள்வி. தொடங்கியபோது இரண்டு பகுதிக்கும் சேர்த்துக் கட்டணம் 3,980 பவுண்ட். இப்போது 4,900 பவுண்டைத் தாண்டிவிட்டது. தயாராகும் வகுப்புகளுக்கு வேறு தனிச் செலவு. பெரிய நிறுவனத்தில் இடம் பிடித்தவருக்கு இந்தக் கவலை இல்லை. தேர்வுக் கட்டணம், வகுப்புக் கட்டணம், படிக்கும் காலத்துக்குக் கைச்செலவு எல்லாம் நிறுவனமே தந்துவிடும். இடம் கிடைக்காதவர் தானே கட்டிக்கொள்ள வேண்டும். இருப்பவருக்குக் கொடுத்து இல்லாதவரிடம் வாங்கும் இந்தத் தர்மத்துக்கு நம் புராணங்களில் உவமை தேடினேன், அகப்படவில்லை.

தேர்வை நடத்தும் கப்லான் நிறுவனத்தின் துல்லியமும் குறிப்பிடத்தக்கது. 2024 ஜனவரியில் முதல் பகுதி எழுதியவர்களில் 175 பேர் தோற்றதாக முடிவு வந்தது. ஏப்ரலில் அவர்கள் அத்தனை பேரும் உண்மையில் தேறியவர்கள் என்று தெரியவந்தது. மதிப்பெண்ணை முழு எண்ணாக்கும் கணக்கில் பிசகு. தோற்றால் கைக்கு வந்த பயிற்சி இடத்தை நிறுவனம் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்ற நிபந்தனையோடு இருந்தவர்களும் அந்தத் தேர்வை எழுதியவர்களில் உண்டு. நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டு ஆளுக்கு 250 பவுண்ட் நல்லெண்ணத் தொகையும் தர முன்வந்தார்கள். ஓர் எழுத்துப் பிழைக்கு ஒரு விண்ணப்பத்தையே குப்பையில் போடும் தொழிலில், 175 பேரின் தலையெழுத்தில் நேர்ந்த பிழைக்கு இவ்வளவு மலிவாகப் பரிகாரம் கிடைத்தது ஆறுதல்தான்.

கண்ணாடிக் கட்டடங்களை மட்டுமே புகழ்ந்தால் கடைத்தெருச் சொலிசிட்டர்கள் கோபித்துக்கொள்வார்கள். டூட்டிங்கிலும் ஈஸ்ட் ஹாமிலும் மாடிப்படி ஏறிப் போகும் அந்தச் சிறிய அலுவலகங்களில்தான் நம் ஆட்களின் அகதி வழக்கு, வாடகை வழக்கு, விவாகரத்து எல்லாம் நடக்கின்றன. அங்கே வாட்சனும் இல்லை, கிளேசரும் இல்லை. ‘முதலில் பாராலீகலாக ஓரிரண்டு வருஷம் இருங்கோ தம்பி, பிறகு பார்ப்பம்’ என்பார் முதலாளி, அதாவது சொலிசிட்டர் தகுதி பெறாத சட்ட உதவியாளராக. அந்தப் ‘பிறகு’ பல பேருக்கு இன்னும் வரவில்லை. அவரையும் குறை சொல்ல முடியாது. 2012-இல் வந்த சட்டத்தால் அரசின் சட்ட உதவி பல துறைகளில் வெட்டப்பட்டது. மீதி இருந்ததற்கும் கட்டணம் ஏறாமல் நெடுங்காலம் தொண்ணூறுகளிலேயே நின்றிருந்தது. பயிற்சியாளர்களுக்கென்று இருந்த குறைந்தபட்சச் சம்பள விதியையும் 2014-இல் எஸ்.ஆர்.ஏ. எடுத்துவிட்டது. அதிகம் பேருக்குப் பயிற்சி கிடைக்கும் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. ஏழைக்கு வாதாட வருபவர் ஏழையாகவே பழகிக்கொள்ளட்டும் என்ற உயர்ந்த நோக்கம் அதில் தற்செயலாக நிறைவேறியது.

ஆக, இந்த ஏற்பாட்டின் உச்சச் சிறப்பு எது என்று கேட்டால் நான் தேர்வையோ விருந்தையோ சொல்லமாட்டேன். வெளியே நின்றுபோனவர் நன்றியோடு திரும்பிப் போகிறார், அதுதான் சிறப்பு. க்வெனித் பெப் நீதிமன்றத்துக்குப் போனார். இன்றைய பிள்ளை கண்ணாடியின் முன்னால் போய் நிற்கிறது. நான் இன்னும் கொஞ்சம் படித்திருக்க வேண்டும், இன்னும் இயல்பாகச் சிரித்திருக்க வேண்டும், ‘ஏன் எங்கள் நிறுவனம்’ என்பதற்கு இன்னும் உருக்கமாக எழுதியிருக்க வேண்டும் என்று தன்னையே திட்டிக்கொண்டு அடுத்த ஆண்டுக்கும் மனுப் போடுகிறது. ஆயிரம் பவுண்ட் கேட்ட ஸ்பென்லோவால் இது முடிந்ததா? எத்தனை ஆண்டு உழைப்பு, எத்தனை ஆலோசகர்கள், எத்தனை மென்பொருள் சேர்ந்து சாதித்தது!

பிள்ளைகளுக்கு ஒரு தகவலோடு முடிக்கிறேன். எஸ்.க்யூ.இ. விதிப்படி இரண்டு ஆண்டு அனுபவத்தை ஒரே நிறுவனத்தில் பெற வேண்டும் என்பதில்லை. நான்கு இடங்கள் வரை சேர்த்துக்கொள்ளலாம். பாராலீகல் வேலையும் கணக்கில் வரும், பல்கலைக்கழகத்தின் இலவசச் சட்ட ஆலோசனைக் கூடத்தில் செய்த வேலையும் வரும். தகுதியுள்ள ஒரு சொலிசிட்டர் கையெழுத்துப் போட்டு உறுதி செய்தால் போதும். ஆகவே, செய்த வேலையைத் தேதி போட்டு எழுதி வையுங்கள்; ஒவ்வோர் இடத்தைவிட்டுக் கிளம்பும்போதும் அந்தக் கையெழுத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். சொலிசிட்டர் பட்டியலில் பெயர் ஏறும்போது, எந்த வழியாக வந்தார் என்று அதில் எழுதுவதில்லை. பளபளப்பான கையேடுகளில் இதை அச்சிடப் பெரிய நிறுவனங்களுக்கு இடம் போதவில்லை போலும். ஆயிரம் நல்ல காரியம் செய்பவர்களுக்கு ஒன்றிரண்டு மறந்துபோவது இயல்புதான்.